பரிஸில இருந்து லண்டனுக்குக் கார் ஓடிப் போனவையின்ர கதைகள்

லாகூர்னேவ்காரன்:

ஆவணியில லண்டன் ஏலிங் அம்மன் தேருக்குக் கார்லயே போயிட்டு வரலாமோ எண்டு கன பேர் கேட்கிறியள். நாங்கள் குடும்பமாப் போனதை எழுதுறன். போனவை, வந்தவை எல்லாரும் கீழ உங்கட கதையையும் போடுங்கோ.

றோட்டு பெரிய விஷயமே இல்லை. பரிஸில இருந்து கலே ஏறக்குறைய 300 கிலோமீற்றர். ஏ1 பிடிச்சு அறாஸ் தாண்டி ஏ26இல ஏறலாம், இல்லாட்டி போவே, அமியான் பக்கம் ஏ16. ரெண்டுக்கும் காசு கட்ட வேணும். எனக்கு ஏ16தான் பிடிக்கும், லொறிகள் குறைவு.

மினக்கெட வேண்டியது கடதாசிக்கு. எங்கட வீட்டில மனுசிக்கும் பிள்ளையளுக்கும் எனக்கும் பிரெஞ்சுப் பாஸ்போட். அப்பாவுக்கு இலங்கைப் பாஸ்போட்டும் பிரான்சில இருக்கிறதுக்கான பத்து வருச வதிவிடக் கார்ட்டும். பிரெஞ்சுப் பாஸ்போட்காரருக்கு விசா தேவையில்லை, ஆனா 2025 சித்திரை 2இல இருந்து இடிஏ எண்ட முன் அனுமதி எடுக்க வேணும். அப்ப 10 பவுண் எண்டு துவங்கி ஒரு கிழமையிலயே 16 பவுண் ஆக்கினவை, இப்பத்தைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கோ. கைக்குழந்தைக்கும் தனியா எடுக்கோணும். அடையாள அட்டையோட போகலாம் எண்டு இன்னும் சிலர் நினைச்சுக்கொண்டிருக்கினம், அது 2021 ஐப்பசியோட முடிஞ்சுது. அப்பாவின்ர கார்ட் பிரான்சில எத்தினை வருசத்துக்குச் செல்லுபடியானாலும் லண்டனுக்கு உதவாது. அவருக்கு முறையான பிரித்தானிய விசா எடுத்தம். அதாலதான் சொல்லுறன், ரிக்கற் புக் பண்ண முதல் காருக்குள்ள ஏறப்போற ஒவ்வொரு ஆளின்ர பாஸ்போட்டையும் மேசையில வைச்சுப் பாருங்கோ. விசா கையில வந்த பிறகு திகதி குறிச்சால் போதும்.

காரை ஏத்திக்கொண்டு கடலுக்கடியால போற சுரங்க ரயிலுக்குக் கலேக்குப் பக்கத்தில கொக்கேல் எண்ட இடத்தில ஏ16இலயே தனி வாசல் இருக்கு. அங்க முதல்ல பிரெஞ்சுப் பொலிஸ், பிறகு பத்தடி தள்ளி பிரித்தானிய ஒபிசர். பிரெஞ்சு மண்ணில நிண்டே இங்கிலாந்துக்காரன் முத்திரை குத்துவான், 1991இல செய்த ஒப்பந்தம் அது. மற்றப் பக்கம் ஃபோக்ஸ்டனில இறங்கினால் நேரா எம்20 றோட்டுத்தான், ஒருத்தரும் மறிக்கிறேல்லை.

ஒபிசர் அப்பாவின்ர பாஸ்போட்டைப் புரட்டிப்போட்டுப் பின் சீற்றில இருந்த சின்னவளிட்டக் கேட்டார், பக்கத்தில இருக்கிறது ஆர் எண்டு. பிள்ளையளிட்டத்தான் கேட்பினம், அதுக்கு முகம் சுழிக்கக் கூடாது. பிள்ளை கடத்திறவை இருக்கிற உலகம். அவள் அப்பப்பா எண்டாள். மூத்தவன் இங்கிலீசில விளக்கம் குடுக்க வெளிக்கிட, அப்பா அவனைக் கையால மறிச்சுப்போட்டுத் தானே சொன்னார், தேருக்குப் போறம், பிறகு திரும்பி வருவம் எண்டு. வலு தெளிவான இங்கிலீசு. எனக்கே தெரியாது அவருக்கு அவ்வளவு வரும் எண்டு.

ரயிலுக்குள்ள காரை விட்டு எஞ்சினை நிப்பாட்டி, ஹாண்ட் பிரேக் போட்டிட்டு இருக்க வேண்டியதுதான். 50 கிலோமீற்றர் சுரங்கம், 1994இல திறந்தது, 35 நிமிசத்தில மற்றப் பக்கம். வெளிய வெளிச்சம் வந்ததும் அப்பாவுக்குக் கோவம். "கடலைக் காட்டாமலே கூட்டிக்கொண்டு வந்திட்டாய்!" கடல் பார்க்க ஆசைப்படுற பெரியாக்கள் இருந்தால் கப்பல்ல போங்கோ. கலேயில இருந்து டோவருக்கு ஒண்டரை மணித்தியாலம்.

இடப்பக்கம் ஓடுறது முதல் அரை மணித்தியாலம் தோளை இறுக்கும். எங்கட காரில ஸ்ரியரிங் இடப்பக்கம் எண்டபடியால் லொறியை முந்தேக்க முன்னால என்ன வருது எண்டு எனக்குத் தெரியாது, பக்கத்து சீற்றில இருக்கிற ஆள்தான் சொல்ல வேணும். ரவுண்ட் அபவுட்டில எல்லாம் எதிர்ப்பக்கமாச் சுத்தோணும். காருக்குள்ள பதறாமல் இருந்த ஒரே ஆள் அப்பாதான். யாழ்ப்பாணத்தில லொறி ஓடினவர், அங்கயும் இடப்பக்கம்தானே. ஒவ்வொரு சந்தியிலயும் "இப்ப வலப்பக்கம் பார்" எண்டு அவர் சொல்லச் சொல்ல நான் ஓடினன். வேகப் பலகை எல்லாம் மைலில. 70 எண்டால் ஏறக்குறைய 113 கிலோமீற்றர்.

சார்செல் அக்கா:

தம்பி எழுதாத ஒண்டு. எங்கட அத்தான்ர டாசியா காஸில ஓடுற கார். உந்தச் சுரங்க ரயிலில காஸ் வாகனத்தை ஏத்தமாட்டினம், பெற்றோலுக்கு மாத்தி ஓடினாலும் ஏலாது. தாங்கி இருக்கிறதுதான் பிரச்சினை. வாசல் வரைக்கும் போய்த்தான் அது தெரிஞ்சுது. அங்கயிருந்து துறைமுகத்துக்குப் போய் அண்டைக்கே கப்பல் ரிக்கற் எடுத்தினம். விடுமுறைக் காலம், விலையை அத்தான் இண்டைக்கு வரைக்கும் என்ர அக்காவுக்குச் சொல்லேல்லை.

ஈஸ்ட்ஹாம் பெடியன்:

நான் மற்றப் பக்கம், லண்டனில இருந்து வாறன். ஆவணிக் கடைசியில பரிஸ் லாச்சப்பல் பிள்ளையார் தேருக்கு நாங்கள் கூட்டமா வாறனாங்கள்.

பிறெக்சிற்றுக்குப் பிறகு சாப்பாட்டில கவனமா இருங்கோ. லண்டனில இருந்து ஐரோப்பாவுக்குள்ள இறைச்சி, பால் சாமான் ஒண்டும் கொண்டு போகக் கூடாது. மாமி ஒரு பெட்டி நிறைய மட்டன் றோல்ஸ் பொரிச்சுத் தந்து விட்டவ. கலேயில கப்பலால இறங்க, சுங்கக்காரர் மறிச்சுப் பின் கதவைத் திறக்கச் சொல்லிச்சினம். றோல்ஸ் முழுக்கக் குப்பைத் தொட்டிக்குள்ள. அதுக்குக் கீழ இருந்த கருவாட்டுப் பொதியைத் தூக்கி மணந்து பார்த்திட்டு ஒபிசர் ரெண்டடி பின்னால போனார். மீனுக்குத் தடையில்லை, திருப்பித் தந்திட்டார். மாமிக்கு நாங்கள் எல்லாத்தையும் சாப்பிட்டு முடிச்சதாத்தான் சொல்லி வைச்சிருக்கிறம்.

இப்ப எதிர்ப்பக்கமும் அப்பிடித்தான். கால்நடைக் கோமாரி நோய் காரணமா 2025 சித்திரை 12இல இருந்து ஐரோப்பாவில இருந்து ஆடு, மாடு, பண்டி இறைச்சியும் பால் சாமானும் பிரித்தானியாவுக்குள்ள கொண்டு வரேலாது. பெட்டியில அடைச்ச சான்ட்விச்சும் சேர்த்தி. கோழி றோல்ஸ் பரவாயில்லை.

ஐரோப்பாவுக்குள்ள வாற பிரித்தானியப் பாஸ்போட்காரருக்கு இப்ப கைரேகை, படம் எல்லாம் எடுக்கிற முறை வந்திட்டுது, 2025 ஐப்பசியில துவங்கினது. முதல் தரம் போறவை கூட நேரம் வைச்சு வெளிக்கிடுங்கோ.

லீல் நகரிலிருந்து ஒரு பொறியாளர்:

வணக்கம் அண்ணா, நான் கோயம்புத்தூர். என்னைப்போல இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஊரிலிருந்து அப்பா அம்மா ஷெங்கன் விசாவில் (பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வந்திருக்கும்போது "அப்படியே லண்டனையும் காட்டிவிடலாம்" என்று எல்லோருக்கும் தோன்றும். இங்கிலாந்து விசா தனி என்பது தெரிந்திருக்கும். ஆனால் ஷெங்கன் விசா சிங்கிள் என்ட்ரியா மல்டிபிள் என்ட்ரியா என்று யாரும் பார்ப்பதில்லை. சிங்கிள் என்ட்ரி என்றால், லண்டனுக்குக் கிளம்பிய நிமிடமே அது தீர்ந்தது. திரும்பி பிரான்சுக்குள் வர முடியாது, ரிட்டர்ன் ஃபிளைட் பாரிஸிலிருந்து இருந்தாலும்தான். என் நண்பன் வீட்டில் இதைக் கவனித்தது அவனுடைய அம்மா! விசா ஸ்டிக்கரில் 01 என்று போட்டிருக்கிறதே, அது என்னடா என்று கேட்டிருக்கிறார். லண்டன் திட்டத்தை விட்டுவிட்டு ப்ரூஜ் போய் வந்தார்கள். பெல்ஜியம் ஷெங்கனுக்குள்தான், லீலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட.

வாடகைக் கார் எடுப்பவர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டரில் வாயால் சொன்னது எல்லைக்கு உதவாது.

சார்செல் அக்கா:

தம்பி, லண்டனுக்குள்ள டீசல் காருக்குப் புகைக் காசு எண்டுகினம். எங்களிட்டக் கிறித்தேர் 2 எண்ட பிரெஞ்சுப் புகை ஸ்ரிக்கர் இருக்கு, காணாதோ?

லாகூர்னேவ்காரன்:

காணாது அக்கா. அந்த ஸ்ரிக்கர் யூரோ 5 எண்ட புகைத் தரத்தில இருக்கிற டீசலுக்கும் குடுப்பினம், லண்டன் டீசலுக்கு யூரோ 6 கேட்கிறது. கார்ட் கிறீஸில, அதுதான் பிரெஞ்சு வாகனப் பதிவுக் கடதாசியில, வி.9 எண்ட இடத்தில பாருங்கோ, அதில யூரோ எத்தினை எண்டு போட்டிருக்கும். 6 இல்லாட்டி ஒரு நாளைக்கு 12.50 பவுண், 2023 ஆவணிக் கடைசியில இருந்து லண்டன் முழுக்க. 6 எண்டாலும் வெளிநாட்டு நம்பர் எண்டபடியால் போக முதல் இணையத்தில பதிய வேணும், இல்லாட்டித் தண்டம் வீட்டுக்கு வரும்.

ஈஸ்ட்ஹாம் பெடியன்:

எங்கட பக்கம் வாறவை டார்ட்ஃபோர்ட்டில தேம்ஸ் ஆத்தைக் கடக்கிற றோட்டையும் கணக்கில எடுங்கோ. காசு வாங்க அங்க ஆக்கள் நிக்கிறேல்லை, கமரா மட்டும்தான். அடுத்த நாள் நடுச்சாமத்துக்குள்ள இணையத்தில கட்டோணும். பிளாக்வோல் சுரங்கத்துக்கும் 2025 சித்திரையில இருந்து காசு.

சார்செல் அக்கா:

தேர் ஞாயிற்றுக்கிழமைதானே, அண்டைக்கும் 12.50 எடுப்பினமோ?

லாகூர்னேவ்காரன்:

எடுப்பினம். நத்தார் அண்டைக்கு மட்டும்தான் இல்லை.