'மங்கூஸ்' டாம் மெக்யூவன் மறைவு: அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தோபாயோ_பையன்:

வணக்கம். டிராக் ரேஸ் (நேர் சாலையில் இரண்டு கார் மோதும் குறுகிய வேகப் பந்தயம்) ஓட்டுநர் டாம் மெக்யூவன் 2018 ஜூன் 10 அன்று காலமானார் என்று நேற்று இரவு படித்தேன். வயது 81. அப்பா சின்ன வயதில் விளையாடிய ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. சிவப்பு நிற பிளைமத் டஸ்டர், பக்கவாட்டில் 'மங்கூஸ்' என்று பெயர். அது நிஜமான ஓர் ஆளின் காரைப் பார்த்துச் செய்தது என்று இப்போதுதான் தெரிய வந்தது.

என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) நடத்தும் தேசியப் பந்தயங்களில் அவர் ஜெயித்தது ஐந்தே முறை. அவருக்கு எதிராளியான டான் புருடோம் ஜெயித்ததோ 49. அப்படியும் அமெரிக்க ரசிகர்கள் சொந்த அண்ணனைப் பறிகொடுத்த மாதிரி எழுதுகிறார்கள். இவர்மேல் ஏன் இவ்வளவு பாசம்? அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

இஞ்சின்ரூம்_அங்கிள்:

தம்பி, நான் இருக்கிறேன். காலையில் இருந்து இதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்றுதான் இருந்தேன். வீட்டில் சொன்னால் யார் அவர் என்று கேட்கிறார்கள்.

1971இல் நான் சரக்குக் கப்பலில் ஆயிலர். லாங் பீச்சில் கப்பல் நின்றபோது, கூட வேலை பார்த்த பிலிப்பினோ நண்பர் ஒரு சனிக்கிழமை இரவு என்னை லயன்ஸ் டிராக் ஸ்டிரிப்புக்குக் கூட்டிப் போனார். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, வில்மிங்டனில் இருந்தது. கால் மைல் நேர் சாலை, இரண்டு கார், ஒரு விளக்குக் கம்பம், அவ்வளவுதான். நைட்ரோமீத்தேன் என்ற ரேஸ் எரிபொருளின் புகையில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. இஞ்சின் ரூமில் வேலை பார்த்தவனுக்குச் சத்தம் புதிதில்லை. ஆனால் அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன், நெஞ்செலும்பில் வந்து இடித்தது.

அன்று மெக்யூவன் ஓடவில்லை. ஆனால் அந்த வட்டாரமே அவருடைய கோட்டை. வேலியோரம் நின்ற பையன்கள் எல்லாருக்கும் அவர் பெயர் தெரிந்திருந்தது. புருடோமுக்கு 'ஸ்நேக்' (பாம்பு) என்ற பெயர் முதலிலேயே இருந்தது. அவரை மடக்க ஆள் வேண்டுமே, அதனால் இஞ்சின் செய்யும் எட் டோனவன் மெக்யூவனுக்கு 'மங்கூஸ்' (கீரி) என்று பெயர் வைத்தார். 1964இல் லயன்ஸிலேயே இருவரும் மோதி, மெக்யூவன் ஜெயித்தார். பாம்பும் கீரியும் மோதுகின்றன என்றால் யாருக்குத்தான் போய்ப் பார்க்கத் தோன்றாது!

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். புருடோம் ஓடி ஜெயித்தவர். மெக்யூவன், இந்த விளையாட்டை நம்பி மற்றவர்கள் பிழைக்க வழி செய்தவர். அதுவரை டிராக் ரேஸுக்குப் பணம் கொடுத்தது எண்ணெய், டயர், ஸ்பார்க் பிளக் விற்கிற கம்பெனிகள்தான். பொம்மைக் கம்பெனியிடம் போகலாம் என்ற யோசனை மெக்யூவனுடையது. ஹாட் வீல்ஸ் செய்யும் மேட்டல் கம்பெனி ஒத்துக்கொண்டது. 1970இல் புருடோமுக்கு மஞ்சள் பாராகுடா, இவருக்குச் சிவப்பு டஸ்டர், இரண்டிலும் ஹாட் வீல்ஸ் சின்னம். கார் தொழிலுக்கே சம்பந்தமில்லாத பெரிய கம்பெனி ஒன்று டிராக் ரேஸுக்குள் வந்த கதை அது. இன்றைக்கு ஒவ்வொரு ரேஸ் கார் மேலும் இத்தனை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, அதில் அவர் பங்கு பெரிது. அந்த வாய்ப்பைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் எதிராளியையும் சேர்த்துக்கொண்டு போனார் பாருங்கள், எனக்கு அந்த மனசுதான் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் 1978. இண்டியானாபோலிஸில் யூஎஸ் நேஷனல்ஸ், டிராக் ரேஸில் இதைவிடப் பெரிய மேடை கிடையாது. அதற்குச் சில நாள் முன்னால்தான் மெக்யூவனின் மகன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். சின்னப் பையன். அப்படியும் அவர் வந்து ஓட்டினார். ஃபன்னி கார் (ஒரே துண்டு பாடி போட்ட டிராக் ரேஸ் கார்) பிரிவின் இறுதிச் சுற்றில் எதிரே நின்றது யார்? புருடோம். 1975இல் இருந்து வரிசையாக சாம்பியன், அந்த வருடமும் அவருக்குத்தான் பட்டம். மெக்யூவன் ஜெயித்தார்.

இதை ரொம்ப நாள் கழித்து, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் படித்தேன். அப்போது நானும் ஒரு பையனுக்கு அப்பா. கடை வாசலிலேயே நின்று படித்துவிட்டு, பஸ்ஸுக்குப் போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

சிவப்புக்கோடு:

அங்கிள், படித்துவிட்டு எனக்கும் மனசு கனத்துப் போனது.

தம்பி, நான் பழைய ஹாட் வீல்ஸ் சேர்க்கிறேன். அந்தக் காலத்துக் கார்தானா என்று தெரிய, டயரில் சிவப்புக் கோடு இருக்கிறதா, பாடியைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். நிஜ ஃபன்னி காரிலும் ஃபைபர்கிளாஸ் பாடி அப்படியே ஒரே துண்டாகத் தூக்கும், உள்ளே இஞ்சின், அதன் பின்னால் ஓட்டுநர். பொம்மையிலும் அதை விடாமல் செய்தார்கள். தயவுசெய்து பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள், உங்கள் அப்பா கை பட்ட கீறல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். யாராவது விலை கேட்டாலும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் டிராக் ஸ்டிரிப் கிடையாது. தாம்சன் ரோடு கிராண்ட் பிரீகூட 1973உடன் நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் வளர்ந்த எங்களுக்கு இந்த ஆட்களை அறிமுகப்படுத்தியது அந்தச் சின்னக் கார்கள்தான். மெக்யூவன் மேட்டல் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால், தோ பாயோவில் ஒருவரும் ஈசூனில் ஒருவரும் இன்று அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டு இருக்க மாட்டோம்.

நைட்ரோ_தம்பி:

அண்ணன்மார், அக்கா எல்லாருக்கும் நன்றி. நான் பைக் ஆள், ஃபன்னி கார் பற்றி அதிகம் தெரியாது. ஒரு சந்தேகம். 1978 இறுதிச் சுற்றில் புருடோம் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கலாமோ? நண்பனின் மகன் இறந்திருக்கிறான், மனசு இளகாதா?

இஞ்சின்ரூம்_அங்கிள்:

தம்பி, கேட்பது தப்பில்லை, ஆனால் அதை நான் ஏற்க மாட்டேன். அது ஆறு விநாடி ஓட்டம். பச்சை விளக்கு விழுந்தால், காரை நிறுத்தும் பாராசூட் விரியும் வரை யோசிக்கவே நேரம் கிடையாது. பக்கத்து லேனில் யார், அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அந்த நேரத்தில் மண்டையில் ஏறாது. அதுவும் இண்டியானாபோலிஸ் இறுதிச் சுற்றில், புருடோம் மாதிரி ஒருவர்! விட்டுக்கொடுத்திருந்தால் அது மெக்யூவனுக்குச் செய்த அவமரியாதையாக இருந்திருக்கும், புருடோமுக்கு அது தெரியாமல் இருக்காது.

அன்று மெக்யூவன் நன்றாக ஓட்டினார், அதனால் ஜெயித்தார். மகன் போன துக்கத்தோடு உட்கார்ந்து, உலகத்திலேயே வேகமான ஆளைத் தோற்கடித்தார். அதற்கு உரிய பெயர் அவருக்கே போகட்டும், அதில் யாரும் பங்கு கேட்க வேண்டாம்.

தோபாயோ_பையன்:

நன்றி அங்கிள், நன்றி அக்கா. பாடி தூக்குகிறது, டயரில் சிவப்புக் கோடும் இருக்கிறது. அங்கிள், அந்தப் பத்திரிகை இன்னும் உங்களிடம் இருந்தால் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து இங்கே போட முடியுமா? அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.