ஆடு தீண்டாத செடியும் பெரியம்மாவின் சிறுநீரகமும்

எங்கள் ஊர் தேவிபட்டினம் பக்கம். பெரியம்மாவுக்கு 61 வயதில் சிறுநீரில் ரத்தம் போனது. வலி, கடுப்பு, காய்ச்சல் எதுவும் இல்லை, ஒரு நாள் செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி போகும், மறுநாள் தெளிந்துவிடும். பங்குனி வெயில், உடம்புச் சூடு என்று நுங்கும் இளநீருமாகக் கொடுத்தோம். பக்கத்தில் ஒரு டாக்டர் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரையை மாற்றி மாற்றி எழுதினார். அப்படியே ஐந்து மாதம் போய்விட்டது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதுரையில் சிடி ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது, கட்டி இடது சிறுநீரகத்துக்குள், சிறுநீர் வந்து சேரும் கிண்ணம் போன்ற இடத்தில். சிறுநீர்ப் பாதையின் உள்சுவரில் வரும் புற்று பெரும்பாலும் நீர்ப்பையில்தான் வரும். அந்தக் கிண்ணத்திலோ அங்கிருந்து இறங்கும் குழாயிலோ வருவது இந்தப் புற்று வந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான். பீடி, சிகரெட் உண்டா, சாயப்பட்டறை வேலையா என்று டாக்டர் கேட்டார். எதுவும் இல்லை. அப்புறம், "நாட்டு மருந்து ஏதாவது ரொம்ப நாள் சாப்பிட்டீங்களாம்மா?"

ஆடுதின்னாப்பாளை என்றார் பெரியம்மா. கரப்பான் என்ற தோல் நோய்க்காக நிழலில் காயவைத்து இடித்த பொடி, வெந்நீரில், விட்டு விட்டுப் பன்னிரண்டு வருஷம். புத்தகங்களில் ஆடுதீண்டாப்பாளை என்று இருக்கும், எங்கள் பக்கம் காட்டில் தானாக முளைத்துக் கிடக்கும் செடி. ஈஸ்வரமூலியும் அதே இனம். இவற்றில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைச் சுருங்க வைப்பதும் இந்தப் புற்றை உண்டாக்குவதும் அதுதான்.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய கிராமங்களில் கோதுமை வயலில் களையாக வளர்ந்த இதே இனச் செடியின் விதை மாவில் கலந்து, ரொட்டியாகவே உள்ளே போயிருக்கிறது. பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கத் தந்த மூலிகை மாத்திரையில் செடி மாறிப்போய் இது சேர்ந்துவிட்டது. சிறுநீரகம் கெட்டவர்களில் 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாக அறுவை செய்து பார்த்ததில் 18 பேருக்குப் புற்று இருந்ததாக 2000-இல் வெளியிட்டார்கள். தைவானில் 2003-இல் இந்த மூலிகைகளைத் தடை செய்தார்கள், சில வருஷம் கழித்து இந்தப் புற்றோடு புதிதாக வருவோர் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. நிறுத்தினால் குறையும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒருமுறை உள்ளே போனால் சிறுநீரகத் திசுவின் டிஎன்ஏவில் அதன் அடையாளம் பல வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் எப்போதோ விட்டுவிட்டோம் என்று சும்மா இருக்கவும் முடியாது.

பெரியம்மாவுக்கு இதனால்தான் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றார். சிறுநீரகம், குழாய் முழுதும், அது நீர்ப்பையில் சேரும் இடத்தில் கொஞ்சம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள்.

*கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி:*
அண்ணே, படித்ததும் கை நடுங்குகிறது. எங்கள் வாப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கி டயாலிசிஸில் இருக்கிறார்கள், சர்க்கரையும் இல்லை பிரஷரும் இல்லை. மூலத்துக்கு என்று ஒருவர் கொடுத்த சூரணத்தை ஏழெட்டு வருஷம் சாப்பிட்டார்கள். அதில் என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

*தங்கச்சிமடத்திலிருந்து:*
எங்க அப்பாவுக்கும் இந்தப் புற்றுதான், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில். அவர் மூலிகை எதுவும் தொட்டதில்லை, ஆனால் கடலுக்குப் போகும் காலம் முழுக்க பீடி. எங்களுக்கும் முதலில் வேறுதான் சொன்னார்கள், கல் என்று.

*தேவிபட்டினம், மறுபடியும்:*
தங்கச்சி, சூரணம் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள், டப்பாவோடு சிறுநீரக டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். டயாலிசிஸில் இருந்தாலும் குழாயையும் நீர்ப்பையையும் ஒருமுறை பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். நாங்கள் எங்கள் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் டாக்டர் அந்தப் பொடியைக் கேட்டார்.