அம்பேத்கர் படம் போட்டோம், பூனா ஒப்பந்தக் காட்சியில் பசங்க கேட்டதற்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: குடியாத்தம்காரன்

ஜெய்பீம் தோழர்களே. டிசம்பர் 6 நினைவு நாள் அன்று எங்கள் தெருவில் ஜப்பார் படேல் இயக்கி மம்மூட்டி நடித்த அம்பேத்கர் படத்தைத் தமிழில் போட்டோம். இரவுப் பாடசாலைக்குப் பக்கத்தில் மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்துக் கட்டினோம், புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தது. ஆரம்பிக்கும்போது நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், மூன்று மணி நேரப் படம் என்பதால் முடியும்போது பாதிப் பேர்தான், பனி வேறு.

லண்டன் வட்டமேசை மாநாட்டுக் காட்சிகளில் ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்த பசங்க செல்போனை எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். ஆனால் நம் மக்களைத் தொடவிடாத மகாத் குளத்தில் பாபாசாகேப் இறங்கித் தண்ணீரை அள்ளும்போது தெருவே அமைதியாகிவிட்டது. எங்கள் ஆயா முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தது. இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த பேத்தியிடம், "இப்படித்தான் புடிக்கணும், அவங்க மேல இருந்து ஊத்துவாங்க, பாதி மூக்குல ஏறும்" என்று சொன்னது. எந்த ஊர், எந்தக் கிணறு என்று கேட்டால் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை.

சிக்கல் பூனா ஒப்பந்தத்தில்தான் வந்தது, நம் மக்களுக்குக் கிடைத்த தனி வாக்காளர் தொகுதியை 1932-ல் விட்டுக்கொடுத்த ஒப்பந்தம். காந்தி உண்ணாவிரதம் இருக்கிறார், எரவாடா சிறை, கையெழுத்து. அதுவரை சும்மா இருந்த டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவன் எழுந்து, "ஒருத்தர் சாப்பிடலன்னா நம்ம உரிமைய எதுக்குக் குடுக்கணும், அவர் ஏன் கையெழுத்து போட்டாரு?" என்று சத்தமாகவே கேட்டான். கூட நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். "நெருக்கடிப்பா" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வரவில்லை.

இரண்டு விஷயம் கேட்கிறேன். உங்கள் ஊரில் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் எப்படி விளக்கினீர்கள்? அப்புறம், ஏப்ரல் 14-க்கு மறுபடி போடப் போகிறோம், வெட்டி ஒன்றரை மணி நேரமாகப் போடலாமா?

---

பதில்: பாலாற்றங்கரை

தம்பி, வெட்டாதீங்க.

2010 டிசம்பரில் இந்தப் படம் தமிழில் தியேட்டருக்கு வந்தபோது நாங்கள் ஒன்பது பேர் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்ப் பார்த்தோம். படம் 2000-லேயே வெளிவந்துவிட்டது. மம்மூட்டிக்கு அந்த நடிப்புக்காகத் தேசிய விருதும் கொடுத்தாகிவிட்டது. அது தமிழ் பேசித் திரைக்கு வருவதற்குப் பத்து வருஷம், நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அரசுப் பணத்தில் எடுத்த படத்துக்கு இந்த நிலைமை. அப்படி வந்த படத்தை நாமே கத்தரி போட்டால் மனசு கேட்காது.

கடைசியில் பாபாசாகேப் பௌத்தம் தழுவும் நாக்பூர் வரும்போது, 1956 அக்டோபர் 14, அந்தக் கூட்டத்தைக் காட்டும்போது எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஒவ்வொருத்தராக எழுந்து கடைசியில் பின்வரிசை வரைக்கும் நின்றுகொண்டேதான் பார்த்தோம். என் மூத்த மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இன்னொன்று, இளைஞர்களுக்கு இதையும் சொல்லுங்கள். 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் பெயர். திருவண்ணாமலைப் பக்கம் சம்புவராயர் பெயரை வைத்தார்கள். பிறகு எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது இதுவும் போய் வெறும் வேலூர் ஆனது, 2019-ல் அதுவும் மூன்றாகிவிட்டது. என் சாதிச் சான்றிதழில் இன்னும் அந்தப் பழைய முத்திரை இருக்கிறது. ஊதா மை, ஓரம் கொஞ்சம் கலைந்திருக்கும், "அம்பேத்கர்" மட்டும் தெளிவாகப் படிக்கலாம். லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். படம் போடும்போது அப்படி ஒரு காகிதம் உங்கள் தெருவில் யாரிடமாவது இருந்தால் வாங்கித் திரையில் காட்டுங்கள், பசங்க செல்போனைக் கீழே வைப்பார்கள்.

---

பதில்: கறுப்புக்கோட்டு, கே.வி.குப்பம்

அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி, அதை அடக்காமல் விட்டதற்கு உங்களுக்கு நன்றி. எங்கள் பக்கமும் இதே கேள்விதான் வருகிறது. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் சொல்தான் என்பது என் அனுபவம். இன்றைக்கு நாம் சொல்லும் தனித்தொகுதி வேறு, பாபாசாகேப் லண்டனில் வாதாடி வாங்கிய தனி வாக்காளர் தொகுதி வேறு. பசங்க இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, "தனித்தொகுதிதான் இருக்கே, அப்புறம் எதை விட்டுக்கொடுத்தார்?" என்கிறார்கள், அல்லது எல்லாமே போய்விட்டது என்கிறார்கள்.

நான் இப்படிச் சொல்வேன். குடியாத்தம், கே.வி.குப்பம், அரக்கோணம் மூன்றும் இன்று தனித்தொகுதி. நிற்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஆனால் ஓட்டு எல்லோரும் போடுவார்கள். ஆக, ஜெயிக்க வேண்டுமென்றால் ஊர்த்தெரு ஓட்டும் வேண்டும், ஊர்த்தெருவுக்குப் பிடிக்காத எதையும் சட்டமன்றத்தில் சத்தமாகப் பேசிவிட்டு அடுத்த முறை வந்து நிற்க முடியாது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மாக்டொனால்டு அறிவித்தது இது இல்லை. அதில் நம் மக்களுக்கென்று சில தொகுதிகள், அங்கே நம் மக்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நம் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், அதோடு பொதுத் தொகுதியிலும் இன்னொரு ஓட்டு. இரட்டை வாக்குரிமை என்பது இதுதான். உங்கள் தெருவுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டிய ஒரு எம்.எல்.ஏ., கூடவே உங்கள் ஓட்டைக் கேட்டு வாசலுக்கு வந்து நிற்க வேண்டிய இன்னொரு எம்.எல்.ஏ. என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரியும்.

செப்டம்பர் 20-ஆம் தேதி காந்தி உண்ணாவிரதத்தை ஆரம்பித்தார், 24-ஆம் தேதி கையெழுத்தானது. நடுவே நான்கு நாள். அந்த நான்கு நாளில் பாபாசாகேப் மேல் இருந்த சுமையை யோசியுங்கள். சிறைக்குள் காந்திக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தக் கோபம் பம்பாயில் இருந்த பாரிஸ்டர் மேல் மட்டும் விழுந்திருக்காது, நாடு முழுக்க ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த ஒவ்வொரு சேரி மேலும் விழுந்திருக்கும். ஓலைக் குடிசை, ஒரு தீக்குச்சி போதும். அவர் ஒருவருடைய உயிரை மட்டும் பார்க்கவில்லை தம்பி, நம் தாத்தா பாட்டி உயிரையும் பார்த்தார்.

அப்போதும் வெறுங்கையோடு எழுந்து வரவில்லை. மாகாண சட்டசபைகளில் 71 இடம் என்று இருந்ததை 148 ஆக்கினார், அதில் சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. ஒப்பந்தத்தில் நம் ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா, அந்தப் பக்கம் ராஜாஜி. இதில் இரட்டைமலையார் முதல் இரண்டு வட்டமேசை மாநாட்டிலும் பாபாசாகேப்போடு உட்கார்ந்தவர். இதையெல்லாம் சொன்னால் பூனா என்பது எங்கோ நடந்த கதையாகத் தெரியாது.

அவருக்கே அது திருப்தியில்லை என்பதையும் மறைக்காதீர்கள். 1947-ல் அரசியல் நிர்ணய சபைக்கென்று எழுதிக்கொடுத்த மனுவில் மறுபடியும் தனி வாக்காளர் தொகுதியைக் கேட்டார். பதினைந்து வருஷம் கழித்தும் அந்தக் காயம் ஆறவில்லை. பையனின் கோபமும் பாபாசாகேப்பின் கோபமும் ஒன்றுதான், அதை அவனிடம் சொல்லுங்கள்.

---

பதில்: பேரணாம்பட்டு டீச்சர்

கறுப்புக்கோட்டு அண்ணன் சொன்னதை எடுத்து வைத்துக்கொண்டேன், வகுப்பில் சொல்ல உதவும்.

நான் பார்த்தது வேறு. எங்கள் பகுதியில் மகளிர் குழுக்காரர்களை மட்டும் கூட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டோம். பெரும்பாலும் ஷூ கம்பெனிக்கும் பீடி சுற்றவும் போகிறவர்கள். அவர்களுக்கு பூனாவும் புரியும், லண்டனும் புரியும், ஆனால் அழுதது பாபாசாகேப்பின் மனைவி ராமாபாய் வரும் இடங்களில்தான். ஐந்து பிள்ளை பெற்று நான்கைப் பறிகொடுத்தவர். புருஷன் கடல் கடந்து படிக்கிறார், இங்கே இந்த அம்மா பசியை மென்று விழுங்கிக்கொண்டு இருக்கிறார். சட்ட அமைச்சர் ஆனதைப் பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லை, 1935-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

முடிந்ததும் ஒரு அக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டே, "அந்தம்மாவுக்கு ஏன் ஒரு சிலை இல்ல டீச்சர்?" என்று கேட்டார். நம் பக்கம் கூண்டு போட்ட நீலக்கோட்டுச் சிலை எத்தனை ஊரில் இருக்கிறது, ராமாபாய் எங்கேயாவது இருக்கிறாரா? எனக்குத் தெரிந்து நம் சுற்றுவட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன்.

அப்புறம் இந்துச் சட்ட மசோதா. பெண்ணுக்குச் சொத்திலும் விவாகரத்திலும் உரிமை வேண்டும் என்று கொண்டுவந்து, அது நிறைவேறாமல் இழுத்தடிக்கப்பட்டதால் 1951-ல் அமைச்சர் பதவியையே தூக்கிப் போட்டார். வெட்டுவதாக இருந்தால் முதலில் இதைத்தான் வெட்டுவார்கள் என்று எனக்குப் பயம்.

---

பதில்: ஆம்பூர் வாசகர்

எனக்கு வேறு கருத்து. பெரியவர்களுக்கு முழுப்படம் சரி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் முடியாது. எங்கள் மன்றத்தில் மகாத் பகுதியை மட்டும் போட்டுவிட்டு அதைப் பற்றியே அரைமணி நேரம் பேசினோம். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டுவிட்டது, மகாத் நகராட்சியும் ஏற்றுக்கொண்டது, இருந்தும் தண்ணீரைத் தொட 1927 மார்ச் 20 வரை ஆனது, தொட்ட பிறகு சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைத் "தீட்டுக்" கழித்தார்கள், வழக்கு 1937-ல்தான் முடிந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பதினான்கு வருஷம் என்று கணக்குப் போட்டுச் சொன்னான் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். படம் முழுக்கப் பார்த்திருந்தால் அந்தக் கணக்கைப் போட்டிருப்பானா, தூங்கியிருப்பானா?

---

குடியாத்தம்காரன்

எல்லோருக்கும் நன்றி. வெட்டப் போவதில்லை, இரண்டு ராத்திரியாகப் போடுகிறோம். 13-ஆம் தேதி பூனா வரைக்கும், நிறுத்திவிட்டுப் பேச்சு, 14-ஆம் தேதி மீதி. ஆம்பூர் தோழர் சொன்னபடி பிள்ளைகளுக்கு மட்டும் சாயங்காலமே மகாத். தனித்தொகுதி, தனி வாக்காளர் தொகுதி விஷயத்தை அந்த டிப்ளமோ பையனையே எழுந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் எழுதியதை அச்செடுத்துக் கொடுத்தேன், வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான், மறுநாள் வந்து அந்த 30 இடம் எந்தெந்த ஊர் என்று கேட்கிறான். யாரிடமாவது பட்டியல் இருந்தால் இங்கே போடுங்கள்.

முத்திரை போட்ட சான்றிதழ் தேடினோம், மூன்று வீட்டில் கிடைத்தது. ஆயாவிடம் அந்தக் கிணற்றைப் பற்றி மறுபடி கேட்டேன். "படம் போடும்போது சொல்றேன், எல்லாரும் இருக்கட்டும்" என்கிறது.