பக்கத்து ஊரில் பன்றிக் காய்ச்சல்: 75 கிலோவிலேயே விற்றுவிடலாமா?

கேள்வி: செங்குன்றம் பக்கம் பன்றிப் பண்ணை. 40 உருப்படி, சராசரி 75 கிலோ. 6 கிலோமீட்டரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்கிறார்கள். வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். தள்ளிவிடலாமா, 100 கிலோ வரை காத்திருக்கலாமா?

பதில் 1: முதலில் கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். அரசு அறிவிப்பு வந்திருந்தால், நோய் வந்த இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் பாதிப்பு மண்டலம், 10 கிலோமீட்டர் கண்காணிப்பு மண்டலம். நீங்கள் உள்ளே வருவதால் அனுமதியில்லாமல் ஒரு உருப்படியும் நகரக்கூடாது. அது வதந்தி என்றால் அவசரப்படாதீர்கள். வியாபாரி பயத்துக்குத்தான் விலை பேசுகிறார். தினமும் வெப்பம் பாருங்கள். 40.5 டிகிரி தாண்டி, தீனி எடுக்காமல், காது நீலம் பாரித்தால் விற்பனைப் பேச்சே வேண்டாம். நோய் வெளியே தெரிய 19 நாள்கூட ஆகலாம்.

பதில் 2: ஓட்டல் கழிவைத் தீனியாகப் போடுகிறீர்களா? நோய் நுழைய அதுதான் பெரிய ஓட்டை. கிளறிக்கொண்டே 90 டிகிரியில் 1 மணி நேரம் வேகவையுங்கள். மேலே கொதித்து அடியில் பச்சையாகக் கிடந்தால் பயனில்லை. வியாபாரியின் வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். ஏற்றிய பன்றியைத் திரும்ப இறக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டாச்சே?

பதில் 1: அது வேறு பன்றிக் காய்ச்சலுக்கு. இதற்கு உதவாது.