பத்து அடி தூரத்தில் 4கே டிவி: கண்ணுக்கு எட்டுமா?

மொட்டைமாடி:
மச்சான் 55 அங்குல 4கே டிவி வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டு ஃபுல் ஹெச்டி டிவியை மங்கல் என்கிறார். இரண்டு வீட்டிலும் அதே அளவு டிவி, சோபாவிலிருந்து பத்து அடி. கணக்குப் போட்டேன்: அந்தத் தூரத்தில் கண்ணில் விழும் ஒரு டிகிரிக் கோணத்துக்குள் என் டிவியில் 84 புள்ளி (பிக்சல்), அவருடையதில் 168. 6/6 பார்வைக்கு, அதாவது சாதாரணக் கண் ஆறு மீட்டரில் படிக்கும் வரியை ஆறு மீட்டரிலேயே படிக்கிற கண்ணுக்கு, 60 போதும், விழித்திரை அதற்கு மேல் பிரித்துப் பார்க்காது. காசு தண்டம்.

நெட்டைக்கொக்கு:
காசு தண்டமா என்பதை அப்புறம் பேசலாம், 60தான் விழித்திரையின் எல்லை என்பதே தப்பு. 6/6 ஒன்றும் உச்சமில்லை, இளவயதுக்காரர்கள் நிறையப் பேர் 6/5, 6/4 வரிகளையும் படிப்பார்கள். விழித்திரையில் மிகக் கூர்மையாகத் தெரியும் இடமான நடுக்குழியில், ஒளியை உணரும் கூம்புச் செல்கள் ஏறக்குறைய இரண்டரை மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) ஒன்றாக நெருக்கி நிற்கின்றன. ஒரு டிகிரிக் காட்சி அங்கே விழும்போது 0.3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வகுத்தால் 120 வரும். கறுப்புக் கோட்டுக்கு ஒரு வரிசை, வெள்ளைக்கு ஒரு வரிசை என்று 60 ஜோடிக் கோடுகள். நீங்கள் சொல்லும் 60 புள்ளி அந்த 120இல் பாதி.

மொட்டைமாடி:
செல் இருந்தால் போதுமா, முன்னால் இருக்கும் லென்ஸ் அவ்வளவு கூர்மையாகப் படம் போட வேண்டாமா? ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுத்தான் படம் பார்க்கிறோம், கண் பாப்பா விரிந்ததும் லென்ஸ் ஓரத்துக் கோளாறெல்லாம் உள்ளே வந்துவிடும்.

நெட்டைக்கொக்கு:
விரிந்தால் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் லென்ஸை ஒதுக்கிவைத்தே சோதித்திருக்கிறார்கள். 1985இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் வில்லியம்ஸ், லேசர் கற்றைகளைக் குறுக்கிட வைத்து விழித்திரையிலேயே கோடுகளை விழச்செய்தார். டிகிரிக்கு 60 ஜோடியைத் தாண்டியதும் நிஜக் கோடுகளுக்குப் பதிலாக நெளிநெளியாக வேறு கோடுகள் தெரிந்தன, கொசுவலையை இரண்டாக மடித்துப் பிடித்தால் வருமே, அந்த மாதிரி. கூம்புகள் போதாததால் வரும் பொய்க்கோடு அது. விழித்திரையின் சுவர் அங்கேதான் இருக்கிறது, உங்கள் 60 புள்ளியில் இல்லை.

பழைய லேப் நோட்டு:
இரண்டு பேரும் பிளஸ் ஒன்னில் வெர்னியர் காலிப்பர் பிடித்து, இரண்டு அளவுகோலின் கோடுகள் எங்கே நேராகச் சேர்கின்றன என்று பார்த்து அளந்ததை மறந்துவிட்டீர்கள். இரண்டு கோடு ஒரே நேரில் இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று பார்ப்பதில் கண் கில்லாடி. ஒரு கூம்பின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு விலகலைக்கூடப் பிடித்துவிடும், ஏனென்றால் மூளை பல கூம்புகளைச் சேர்த்து ஒப்பிடுகிறது. சாய்ந்த விளிம்பில் படிக்கட்டு மாதிரி தெரிவது அதனால்தான். புள்ளிக் கணக்கை மட்டும் வைத்து மச்சானை மடக்க முடியாது.

மொட்டைமாடி:
அந்தப் படிக்கட்டை மழுப்பித்தானே படத்தைத் தருகிறார்கள்? சரி, 84க்கும் 120க்கும் நடுவில் வித்தியாசம் தெரிகிற கண் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மச்சானுக்குப் போன மாதம் கண்ணாடி மாற்றியபோது, கண்ணாடி போட்டும் 6/9தானாம். அதற்கு டிகிரிக்கு 40 புள்ளியே போதும். எதை வைத்து மங்கல் என்கிறார்?

நெட்டைக்கொக்கு:
அப்படியானால் புது டிவியின் வெளிச்சத்தையும் நிறத்தையும்தான் கூர்மை என்கிறார். சோபாவை நாலடிக்கு இழுத்துப் போடுங்கள், ஃபுல் ஹெச்டி 34க்கு இறங்கிவிடும், அப்போது அவர் கண்ணுக்கே 4கே தேவைப்படும்.

மொட்டைமாடி:
நாலடியிலா? டிவிக்கு முன்னால் போய் உட்காராதே என்று பிள்ளைகளை அக்கா தினமும் திட்டுகிறாள்.