இந்தச் சரக்குக் கப்பலின் பெயர் தெரிய வேண்டும்

எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா ஆங்கிலேயர், இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து பெல்ஜியத்தின் ஜீப்ரூகே துறைமுகத்துக்குக் கப்பலில் ஏற்றி லாரி ஓட்டியவர். அவர் சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். கப்பல் தளத்தில் சங்கிலி போட்டு வண்டியைக் கட்டுவது, டிரைவர்களுக்கென்று இருந்த தனிச் சாப்பாட்டு அறை, சுங்க முத்திரைக்காக இரவெல்லாம் காத்திருந்தது எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. கப்பலின் பெயர்தான் வரவில்லை.

அவரிடம் ஒரு கலர் படம் இருக்கிறது. 1979 அல்லது 1980, டோவர். முன்னால் அவருடைய வோல்வோ எஃப் 88, பின்னால் டவுன்சென்ட் தோரசன் நிறுவனத்தின் ஆரஞ்சு நிறக் கப்பல். பெயர் இருக்கும் இடத்தை லாரி மறைத்துவிட்டது.

அந்நிறுவனத்துக்கு அப்போது யூரோப்பியன் டிரேடர், யூரோப்பியன் கேட்வே, யூரோப்பியன் கிளியர்வே, யூரோப்பியன் என்டர்பிரைஸ் என நான்கு சரக்குக் கப்பல்கள், எல்லாம் ஒரே சாயல். இணையப் படங்களோடு ஒப்பிட்டேன், பிடிபடவில்லை. அவருடைய பழைய நண்பர்களையும் கேட்டாயிற்று, ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். 1982இல் இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகம் அருகே இன்னொரு கப்பலோடு மோதிக் கவிழ்ந்தது கேட்வே. அதுதானா என்று தாத்தா திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

பெயர் தெரியாமல், வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து இந்த நான்கையும் பிரித்தறிவது எப்படி?