ராட்வைலர் என்பதாலேயே ஒரு நாய் ஆபத்தானதா?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ராட்வைலர், பிட்புல் வகை நாய்களை அறவே தடை செய்ய வரும் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறார்கள். அதற்குமுன் விவரம் தெரிந்தவர்களின் உதவி எனக்குத் தேவை.

2024 மே மாதம் சென்னை மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதிலிருந்து பெற்றோரிடம் இருக்கும் அச்சம் நியாயமானதே. கனத்த தாடை கொண்ட நாய் ஒருமுறை கடித்தாலும் காயம் ஆழமாகிவிடும். ஆனால், 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி அதே ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்தது. 2022இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வோ, நாய்களின் குண வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்றது. எங்கள் மூன்றாம் மாடி ராட்வைலர், லிஃப்டில் குழந்தைகள் ஏறினால் உரிமையாளரின் காலடியில் உட்கார்ந்துவிடுகிறது. கீழ்த்தளத்துப் பொமரேனியன்தான் பால்காரரின் கணுக்காலைக் கடித்தது.

இனத்தைக் குறிப்பிடாமல், சங்கிலி, வாய்மூடி, தடுப்பூசி, உரிமம் ஆகியவற்றை எல்லா நாய்களுக்கும் கட்டாயமாக்கிய குடியிருப்புகள் இருந்தால், அந்த விதிகளின் வாசகத்தைத் தயவுசெய்து பகிருங்கள். கடிபட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களும் கால்நடை மருத்துவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால், என் கருத்துக்கு எதிரானதாக இருந்தாலும், கூட்டத்தில் அப்படியே முன்வைப்பேன்.